திருப்பூர் சாயத்தண்ணி கேஸ்: துணிக்கு போட்ட உப்பு எங்க போச்சு?

100 கிலோ பனியன் துணிக்கு கறுப்போ கருநீலமோ ஏத்தணும்னு வைங்க. பழைய வின்ச் மெஷின்ல ஒரு லாட்டுக்கு 1500 லிட்டர் தண்ணி புடிக்கும், டார்க் கலர்னா லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடணும், பெருக்கிப் பாத்தா 90 கிலோ. துணி 100 கிலோ, உப்பு 90 கிலோ! எதுக்கு இவ்ளோ உப்புன்னா, காட்டன் நூலுக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் தண்ணிக்குள்ள ஒத்துப்போகாது, ரெண்டும் மைனஸ் சார்ஜ், ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும். உப்பு நடுவுல புகுந்து அந்த தள்ளுமுள்ள அடக்கி சாயத்த நூல்ல உட்கார வைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. துணியில அது தங்கறதில்ல. சாயம் ஏறினதும் அலசி விட்டா போட்ட உப்பு மொத்தமும் தண்ணியோட வெளிய வந்துடும்.

அந்த உப்பு எங்க போச்சுன்னு பின்னாடியே போனா திருப்பூர் கேஸ் முழுசும் புரிஞ்சுடும். வளரும் நாடுகள்ல "முதல்ல வேலைவாய்ப்பு வரட்டும், சுத்தம் பண்றத அப்புறம் பாத்துக்கலாம்"னு ஒரு வாதம் எப்பவுமே ஓடிட்டு இருக்கும். அந்த வாதத்த முப்பது வருஷம் முழுசா ஓட்டிப் பாத்து, கோர்ட் ஒரே நாள்ல ஊரோட சாயத்தொழில மொத்தமா நிறுத்தி, அப்புறம் வேற வழியில திரும்ப ஓட ஆரம்பிச்ச ஊரு இது. அதனாலதான் நிலையான வளர்ச்சின்னு பேசும்போது எனக்கு ஐநா அறிக்கைய விட இந்த ஊரு கதை உபயோகமா தெரியுது.

ஊரு எப்படி இப்படி வளந்துச்சு

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில ஆரம்பிச்சு கோயம்புத்தூர், திருப்பூர் வழியா போய் கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கிற ஊர்கிட்டயே காவிரியில சேருது. வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு கிடையாது, மழைக்கு ஓடும், அந்த தண்ணிய வரிசையா அணைக்கட்டு கட்டி குளங்களுக்கு திருப்பி வச்சிருந்தாங்க. கொங்கு பூமியே வறண்ட பூமி, பருத்தி வெளையுற பூமி. பருத்தி இருந்ததால ஜின்னிங், ஜின்னிங் இருந்ததால நூல், நூல் இருந்ததால பனியன், அப்படித்தான் திருப்பூர் வந்துச்சு. வெள்ளை பனியன் காலத்துல சலவைப் பட்டறைகள்தான், சாயம் கம்மி. 80கள்ல வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பிச்சதும் கலர் டீ-ஷர்ட் கேட்டாங்க, அங்கதான் கதை மாறுது. 1985 வாக்குல ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபா. 2011 வாக்குல அது பன்னெண்டாயிரம் கோடிய தாண்டிடுச்சு.

இதுல ஒரு விஷயம் வெளியூர்க்காரங்களுக்கு புரியாது. திருப்பூர்ல எல்லா வேலையும் ஒரே கூரைக்கு கீழ நடக்காது. எக்ஸ்போர்ட்டர் பையர்கிட்ட ஆர்டர் எடுப்பாரு, நூல் வாங்குவாரு, நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம். சாயப்பட்டறைக்காரர் ஜாப் ஒர்க், துணி அவரோடது இல்ல, கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி வாங்குவாரு. ரேட்ட கூட்டினா எக்ஸ்போர்ட்டர் பக்கத்து பட்டறைக்கு லாட்ட மாத்திடுவாரு, எக்ஸ்போர்ட்டர் விலைய கூட்டினா பையர் பங்களாதேஷ் போயிடுவாரு. அதனால செலவு குறைக்கணும்னா சாயப்பட்டறைக்காரர் கையில இருந்த ஒரே வழி கழிவுதான். ஓடையில விட்டா செலவு சைபர். ஜம்மனை ஓடையும் நல்லாறும் நொய்யலும் இலவச சாக்கடையா ஆனதுக்கு யாரோ ரொம்ப கெட்டவங்களா இருந்தாங்கன்னு காரணம் தேட வேண்டியதில்ல, கூலி கணக்கே அப்படித்தான் தள்ளுச்சு.

சட்டம் இல்லாமயும் இல்ல. 1974லயே தண்ணி மாசுபடறத தடுக்கற சட்டம் வந்தாச்சு. 1989ல தமிழ்நாடு அரசு 213ம் நம்பர் அரசாணை போட்டு, ஆறு மாதிரி நீர்நிலைகள்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள கடுமையா மாசுபடுத்துற தொழில் புதுசா வரக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா பட்டறைகள் பெருகினதே அந்த ஆணைக்கு அப்புறம்தான்! 80கள் ஆரம்பத்துல சில டஜன் பட்டறை, 90கள் முடியறப்போ எழுநூறுக்கும் மேல, அதுல நிறைய ஆத்தங்கரையிலயேதான். எல்லாத்துக்கும் கரண்டு கனெக்‌ஷன் கிடைச்சுச்சு, பேங்க் லோன் கிடைச்சுச்சு. ஒரு கையில அரசாணை, இன்னொரு கையில அந்நிய செலாவணி கனவு. எந்த கை ஜெயிக்கும்னு சொல்லணுமா.

இதுல பெரிய கூத்து என்னன்னா, சாயம் போட நல்ல தண்ணி வேணும், உப்புத்தண்ணியில சேடு, அதாவது கேட்ட கலர், சரியா வராது. ஊருக்குள்ள போர் தண்ணி கெட்டுப்போனதும் சுத்துப்பட்டு கிராமத்து கிணறுகள்ல இருந்து டேங்கர் லாரியில தண்ணி வந்துச்சு, வெவசாயம் பண்றத விட தண்ணி விக்கறது லாபம்னு ஆகிப்போச்சு. அதுவும் பத்தாம 1995ல நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, சுமார் 1023 கோடி ரூபா செலவுல பவானி பக்கத்துல காவிரியில இருந்து தினமும் 18.5 கோடி லிட்டர் கொண்டு வர்ற திட்டம் போட்டாங்க. தனியாரும் அரசும் சேந்து செஞ்ச பெரிய தண்ணி திட்டங்கள்ல இந்தியாவுலயே முன்னோடி இதுதான். தண்ணி உள்ள வர்றதுக்கு ஆயிரம் கோடி யோசிச்ச ஊரு, தண்ணி வெளிய போறத பத்தி அதே வேகத்துல யோசிக்கல.

வயலுக்கு போன உப்பு

1992ல சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையத்துல நொய்யலுக்கு குறுக்க ஒரு அணை கட்டி முடிச்சாங்க. ஈரோடு, கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம் பண்ணலாம்னு கணக்கு. (பக்கத்துலதான் கொடுமணல் இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கி, கல்மணி செஞ்சு ஏற்றுமதி பண்ண ஊரு. நொய்யல் கரைக்கும் ஏற்றுமதிக்கும் உள்ள உறவு இன்னைக்கு நேத்து வந்தது இல்ல.) அணை கட்டினது மழைத்தண்ணிக்கு, ஆனா மேல திருப்பூர்ல இருந்து வருஷம் முழுக்க வந்தது சாயத்தண்ணி. சில வருஷத்துலயே அது சாயக்கழிவு தேங்குற தொட்டியா மாறிடுச்சு. தொறந்து விட்டா கீழ இருக்கறவங்க வயல் கெடும், அடைச்சு வச்சா அணைய சுத்தி இருக்கற கிணறு கெடும்.

பட்டறைகள்ல இருந்து நாளைக்கு எட்டு, ஒன்பது கோடி லிட்டர் கழிவு வந்த காலம் அது. லிட்டருக்கு 5 கிராம் உப்புன்னு குறைச்சே வச்சாலும் நாளைக்கு 400 டன். இது வயலுக்கு போனா என்ன ஆகும்னு ஒரு சின்ன கணக்கு. ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை ரெண்டு இஞ்ச் தண்ணி பாய்ச்சினா ரெண்டு லட்சம் லிட்டர் போகும். அந்த தண்ணியில லிட்டருக்கு 5 கிராம் இருந்தா, ஒரே ஒரு பாய்ச்சலுக்கு ஒரு டன் உப்ப ஒரு ஏக்கர்ல கொட்டின கணக்கு. பாதி அளவுன்னு வச்சாலும் அரை டன். தண்ணி ஆவியா போயிடும், உப்பு போகாது. அடுத்த பாய்ச்சல், அடுத்த பாய்ச்சல்... சோடியம் ஏற ஏற களிமண்ணு இறுகி தண்ணி உள்ள இறங்காது, மேல உப்பு பூத்து நிக்கும். மஞ்சளும் வாழையும் போட்ட காடு சோளத்தட்டுக்கு கூட லாயக்கில்லாம போகும். தென்னை மட்டும் கொஞ்சம் தாங்கும், அதுவும் காய் சிறுத்து ஓலை பழுத்துப்போய் நிக்கும். ஆடு மாடுக்கு குடிக்க தண்ணி விலைக்கு வாங்கின ஊருங்க அந்த பக்கம் உண்டு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா பாலிசி கோட்டை விட்டது இதுலதான். 90கள் கடைசியில கோர்ட் அழுத்தத்துல பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க, சிஇடிபின்னு எல்லாரும் சொல்லுவாங்க. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு கலர எடுத்து, சேறு படியவிட்டு, மேல் தண்ணிய ஆத்துல விடறது. கலர் போச்சு, நாத்தம் குறைஞ்சுச்சு, பாக்கறவங்களுக்கு "பரவால்லயே, சுத்தமா இருக்கே"ன்னு தோணும். ஆனா கரைஞ்ச உப்பு இதுல ஒரு கிராம் கூட குறையாது, போட்ட கெமிக்கல்ல கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதாவது கண்ணுக்கு தெரியறத எடுத்துட்டு, வயல கொல்லறத அப்படியே விட்டுட்டாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச அளவுகோல் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைஞ்ச உப்பு. இது செறிவுக்கு வச்ச அளவு, மொத்த பாரத்துக்கு இல்ல. எழுநூறு பட்டறையும் 2100க்குள்ளயே விட்டாங்கன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டாலும், ஓடாத ஆத்துல அது தினமும் நூத்தைம்பது டன்னுக்கு மேல வந்து சேரும். மழையில்லாத ஆத்துக்கு கங்கைக்கு எழுதற மாதிரி விதி எழுதினா இப்படித்தான் ஆகும்.

கோர்ட் படி ஏறினது

கரூர் பக்கத்து நொய்யல் கால்வாய் வெவசாயிங்க 1996ல ஹைகோர்ட் போனாங்க. அதே வருஷம்தான் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல சுப்ரீம் கோர்ட், மாசுபடுத்தினவனே செலவ ஏத்துக்கணும்ங்கிறது இந்த நாட்டு சட்டத்தோட பகுதின்னு தீர்ப்பு கொடுத்துச்சு, அதுக்குன்னே இழப்பீட்டு ஆணையம் ஒண்ணும் வந்துச்சு. அப்புறம் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்பு சங்கம் போட்ட வழக்குதான் பெருசா போச்சு. உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சொல்லுவாங்க, இங்க தின்னது ஒருத்தன், குடிச்சது கீழ்மடைக்காரன், அத மாத்தி வைங்கன்னு கேட்டதுதான் அந்த வழக்கோட சாரம்.

இழப்பீட்டு ஆணையம் 28,596 வெவசாயிங்களுக்கு சுமார் 24.8 கோடி ரூபா நிர்ணயம் பண்ணுச்சு, 2002 ஆகஸ்ட் கடைசியில இருந்து 2004 டிசம்பர் வரைக்குமான நஷ்டத்துக்கு. கேக்க பெருசா இருக்கும். தலைக்கு வகுத்தா சராசரி 8,700 ரூபா கூட வராது. இருபத்தெட்டு மாசத்துக்கு. மாசம் முன்னூத்தி சில்லறை ரூபா. அத வாங்கறதுக்கும் வருஷக்கணக்கா காத்திருந்தாங்க.

2006 டிசம்பர்ல ஹைகோர்ட் சொன்னது: 2007 ஜூலை கடைசிக்குள்ள ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டு கழிவு கூட வெளிய போகக்கூடாது, அதுவரைக்கும் வெளிய விடற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். முதல் மூணு மாசம் 6 பைசா, அப்புறம் 8 பைசா, கடைசியில 10 பைசா. நல்ல தீர்ப்புதான், ஏத்திக்கிட்டே போற அபராதம்ங்கிறது புத்திசாலித்தனமான டிசைன். ஆனா 10 பைசான்னா ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபா. ஆர்ஓவும் (உப்ப வடிகட்டறது) எவாப்பரேட்டரும் (தண்ணிய கொதிக்க வச்சு ஆவியாக்கறது) ஓட்டி உப்பு வரைக்கும் பிரிக்கணும்னா ஆயிரம் லிட்டருக்கு ஆகுற செலவு அதுக்கு மேல. அப்போ கணக்கு தெரிஞ்ச ஆளு என்ன பண்ணுவாரு? அபராதத்த கட்டிட்டு ஆத்துல விடுவாரு. அத கட்டாதவங்களும் உண்டு. அபராதம் சுத்திகரிப்பு செலவ விட கம்மியா இருந்தா அது அபராதம் இல்ல, லைசென்ஸ் ஃபீஸ்.

பட்டறைக்காரங்க சங்கம் சுப்ரீம் கோர்ட் போச்சு. 2009 அக்டோபர்ல அங்கயும் ஹைகோர்ட் சொன்னது சரின்னு ஆச்சு, மூணு மாசம் டைம் கொடுத்தாங்க. 2010-11 மத்திய பட்ஜெட்ல ஜீரோ டிஸ்சார்ஜ் அமைக்க தமிழ்நாட்டுக்கு 200 கோடி மானியம் அறிவிச்சாங்க. சிஇடிபிக்கள் ஏற்கனவே கடன் வாங்கி மெஷினெல்லாம் இறக்கிட்டாங்க, ஆனா ஓடல. ஓடலன்னா சோம்பேறித்தனம்னு நினைக்க வேண்டாம், எவாப்பரேட்டர் பல இடத்துல டிசைன் அளவுக்கு நிஜமாவே ஓடல. ஆர்ஓல இருந்து வர்ற அடர்த்தியான ரிஜெக்ட்ல, அதாவது வடிகட்டினது போக மிஞ்சற உப்புத்தண்ணியில, கலரும் கடினத்தன்மையும் மிச்சம் இருந்து ட்யூப்கள்ல செதில் கட்டும், நீராவி செலவு எகிறும். சாயக்கழிவுல ஜீரோ டிஸ்சார்ஜ ஒரு ஊரு மொத்தத்துக்கும் யாரும் முன்னாடி பண்ணிப் பாக்காத நேரம் அது.

2011 ஜனவரி 28. கோர்ட் அவமதிப்பு மனுவுல ஹைகோர்ட் எல்லா சாய, சலவைப் பட்டறைகளையும் சிஇடிபிக்களையும் மூடச் சொல்லி, கரண்ட கட் பண்ணச் சொல்லிடுச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறை ஒரே அடியா நின்னுச்சு. தேனி, திண்டுக்கல், மதுரை பக்கம் இருந்து வந்து பட்டறை வேலை பாத்தவங்க மூட்டை கட்டி ஊருக்கு போனாங்க. எக்ஸ்போர்ட்டர்ஸ் துணிய லாரியில லூதியானா, அகமதாபாத், ஈரோடுன்னு அனுப்பி சாயம் போட்டு திரும்ப கொண்டு வந்தாங்க. டெலிவரி தேதி தவறி ஆர்டர் போன கதைகள் ஏராளம். "திருப்பூர் முடிஞ்சுது"ன்னு அப்போ எழுதாத பத்திரிகை இல்ல.

என் கணிப்ப இங்கயே சொல்லிடறேன். அந்த மூடல் கொடூரம். ஆனா அதுக்கு முந்தின பதினஞ்சு வருஷ மென்மையான நடவடிக்கைகள் எல்லாத்தயும் விட அந்த ஒரு உத்தரவுதான் வேலை செஞ்சுச்சு. ஏன்னா முதல் தடவையா உப்ப ஆத்துல கொட்டறதோட விலை, உப்ப புடிச்சு வைக்கறதோட விலைய தாண்டுச்சு. அதுவும் எல்லா பட்டறைக்கும் ஒரே நாள்ல, அதனால "நான் மட்டும் செலவு பண்ணா பக்கத்து பட்டறைக்காரன் ரேட்ட கொறச்சு லாட்ட தூக்கிடுவான்"ங்கிற பயமும் போச்சு. ஒத்தைக்கு ஒத்தையா நோட்டீஸ் அனுப்பறதுல இந்த பலன் வரவே வராது. அரசாங்கம் செய்ய வேண்டியத கோர்ட் செஞ்சதுக்கு கொடுத்த விலையத்தான் அந்த தொழிலாளிங்க கட்டினாங்கன்னும் சேத்து சொல்லணும். 1989 ஆணைய 1989லயே ஒழுங்கா பாத்திருந்தா மூட வேண்டிய பட்டறையே அங்க முளைச்சிருக்காது.

புடிச்சு வச்ச உப்பு

2011 மே மாசம் ஆட்சி மாறினதும் மாநில அரசு 18 சிஇடிபிக்களுக்கு 200 கோடி வட்டியில்லா கடன் கொடுத்துச்சு. அருள்புரம் நிலையத்துல தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி டெக்னாலஜிய மாத்தி சோதனை ஓட்டம் பாத்தாங்க. இங்கதான் ஒரு நல்ல யோசனை வந்துச்சு. உப்புக்கரைசல முழுசா ஆவியாக்கி காய வைக்கணும்னு ஏன் அடம் பிடிக்கணும், சாயம் போட அடுத்த லாட்டுக்கு எப்படியும் உப்புக்கரைசல்தானே வேணும், கலரயும் கடினத்தன்மையையும் எடுத்துட்டு அந்த கரைசலையே பட்டறைக்கு திருப்பி அனுப்பினா என்ன? இப்படி பிரைன் ரீயூஸ் வந்ததும் எவாப்பரேட்டர் மேல இருந்த சுமை பெருமளவு கொறஞ்சுச்சு, ஒண்ணொண்ணா நிலையங்கள் ஓட ஆரம்பிச்சுது.

இன்னைக்கு ஒரு நிலையத்துல நடக்கறது சுருக்கமா இதுதான். பட்டறைகள்ல இருந்து பைப்ல கழிவு வரும், பெரிய தொட்டியில கலந்து சூடு ஆறும், பாக்டீரியா வச்சு உயிரியல் சுத்திகரிப்பு, அப்புறம் வடிகட்டி, அப்புறம் ஆர்ஓ மூணு நாலு ஸ்டேஜ். நல்ல தண்ணி பட்டறைக்கே திரும்பி போகும், தொண்ணூறு சதவீதம் அளவுக்கு. மிச்ச ரிஜெக்ட்ல ஒரு பங்கு பிரைனா பட்டறைக்கு போகும், மீதிய எவாப்பரேட்டர்ல கொதிக்க வச்சு உப்பா எடுப்பாங்க. சாதா உப்புக்கு பதிலா சோடியம் சல்ஃபேட் போட்டு சாயமேத்தற பட்டறைகள் சேந்த நிலையத்துல இன்னும் சுலபம், கரைசல குளிர வச்சாலே அது தனியா படிகமா பிரிஞ்சு வரும், மூட்டை கட்டி திரும்ப சாயத்துக்கே போட்டுக்கலாம். மெஷினும் மாறிப்போச்சு, வின்ச் போய் சாஃப்ட் ஃப்ளோ வந்துச்சு, அதே 100 கிலோ துணிக்கு ஒரு குளியலுக்கு 600 லிட்டர் போதும். லிட்டருக்கு அதே 60 கிராம்னா உப்பு 36 கிலோதான். தண்ணிக்கும் உப்புக்கும் விலை வந்ததும் மெஷின் தானா மாறுச்சு. எந்த விழிப்புணர்வு முகாமும் இத சாதிச்சிருக்காது.

ஏற்றுமதி? முடிஞ்சுதுன்னு சொன்ன ஊரு 2024-25ல சுமார் 40 ஆயிரம் கோடிக்கு அனுப்பிருக்கு. ரூபா மதிப்பு கொறைஞ்சது, விலைவாசி ஏறினது எல்லாம் கழிச்சுட்டு பாத்தாலும் தொழில் அழியலங்கிறது தெளிவு. இப்போ பையர்கிட்ட "நாங்க ஜீரோ டிஸ்சார்ஜ்"னு சொல்லித்தான் மார்க்கெட்டிங்கே நடக்குது.

சரி, அப்போ இது சக்ஸஸ் ஸ்டோரியா? பாதி.

உப்பு இன்னும் இருக்கு. பிரிக்க முடியாத கலவை உப்பு, மிக்ஸட் சால்ட்டுன்னு சொல்றது, அத யாரும் வாங்க மாட்டாங்க, ஆத்துல போட முடியாது, மழையில நனைய விட முடியாது. நிலையங்களோட ஷெட்டுகள்ல மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்காங்க. சேத்துல ஒரு பகுதி சிமெண்ட் ஆலைக்கு போகுது, மீதி அங்கயே கிடக்கு. அப்புறம் நீராவிக்கு பாய்லர் எரியணும், நிறைய இடத்துல விறகுதான். ஆத்துக்கு போன மாசுல ஒரு பங்கு இப்போ புகைபோக்கி வழியா போகுதுன்னு சொன்னா அது பொய்யில்ல. தண்ணிய காப்பாத்த கார்பன் செலவு பண்றோம். நிலையான வளர்ச்சி இலக்குகள்ல ஆறாவதும் பதிமூணாவதும் இங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குது, இத யாரும் மேடையில பேசறதில்ல.

அந்த ஆயிரம் கோடி காவிரி தண்ணி திட்டத்தோட நிலைமை இன்னொரு கூத்து. வீட்டுக்கு குறைஞ்ச ரேட்டும் பட்டறைக்கு கூடுதல் ரேட்டும் வச்சு, தொழில் தர்ற காசுலதான் திட்டம் நிக்கும்னு கணக்கு போட்டிருந்தாங்க. பட்டறை மூடினதும் வாங்க ஆளில்ல, திறந்ததுக்கு அப்புறமும் தொண்ணூறு சதவீத தண்ணி சுத்தி சுத்தி வர்றதால பழைய அளவுக்கு தேவையில்ல. ஒரு திட்டம் தண்ணி நிறைய செலவாகும்ங்கிற நம்பிக்கையில நிக்குது, இன்னொரு திட்டம் அத கொறைக்கறதுலயே குறியா இருக்கு, ரெண்டுலயும் அரசு பங்காளி. தண்ணி உள்ள வர்றதயும் வெளிய போறதயும் ஒரே மேசையில வச்சு திட்டம் போடாததோட விளைவு இது.

ஆனா எனக்கு பெரிய ஓட்டையா தெரியறது மாசு இடம் மாறினதுதான். திருப்பூர்ல கூலி ஏறினதும், சுத்திகரிப்பு செலவு கட்ட முடியாத சின்ன பட்டறைங்க ஒண்ணு மூடுச்சு, இல்ல ஈரோடு, பள்ளிபாளையம், சேலம் பக்கம் போச்சு. ஈரோட்டுல காலிங்கராயன் வாய்க்கால்லயும் பள்ளிபாளையத்துல காவிரியிலயும் சாயத்தண்ணி கலக்குற புகார் ஒவ்வொரு வருஷமும் வருது, வாரியம் பட்டறைகள இடிக்கறதும் கரண்ட் கட் பண்றதும் செய்தியா வந்துட்டே இருக்கு. திருப்பூர்லயே பெரு மழை பேஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஓடையில கலர் ஓடுற நாள் இன்னும் இருக்கு. கோர்ட் உத்தரவு ஒரு ஆத்துப்படுகைக்கு, துணி மார்க்கெட் நாடு முழுக்க. ஒரு இடத்துல மட்டும் விதிய இறுக்கினா மிச்ச இடம் மலிவான இடமா ஆயிடும், அவ்ளோதான். மாநிலம் முழுக்க, முடிஞ்சா நாடு முழுக்க ஒரே தரம் ஒரே தேதின்னு போட்டிருந்தா ஒழுங்கா செலவு பண்ண பட்டறைக்காரர் ஏமாளியா நிக்க வேண்டியதில்ல.

நொய்யலும் முழுசா தப்பிக்கல. சாயம் கொறைஞ்ச இடத்த கோயம்புத்தூர், திருப்பூர் வீட்டுச் சாக்கடை நிரப்பிடுச்சு. இதுல பனியன் கம்பெனிய குறை சொல்ல முடியாது, உள்ளாட்சியத்தான் கேக்கணும். பட்டறைக்கு ஜீரோ டிஸ்சார்ஜ் கேக்கற அதே அரசோட மாநகராட்சிகள் சாக்கடைய அப்படியே ஆத்துல விட்டா, விதி எல்லாருக்கும் பொதுன்னு யாரு நம்புவா?

டாக்காவ பாத்தா இதே படம் வேற கட்டத்துல ஓடுது. துராக், புரிகங்கா ஆறுகள் சாயத்துலயும் தோல் கழிவுலயும் கறுத்துப்போச்சு. அங்க ஹைகோர்ட் 2019ல துராக் ஆத்த சட்டப்படி உயிருள்ள நபர்னே அறிவிச்சுச்சு. ஹஜாரிபாக் தோல் பட்டறைகள 2017ல சாவர்க்கு மாத்தினாங்க, அங்க கட்டின பொது சுத்திகரிப்பு நிலையம் சரியா ஓடாததால இப்போ தலேஸ்வரி ஆறு கெடுது. அறிவிப்பு எவ்ளோ அழகா இருந்தாலும், கழிவு குழாய்க்கு கடைசியில என்ன இருக்குன்னுதான் பாக்கணும். திருப்பூர்ல இருந்து அவங்க எடுத்துக்க ஏதாவது இருக்குன்னா, சின்ன பட்டறைங்க தனித்தனியா சமாளிக்க முடியாதுங்கறதால பொது நிலையம், அத ஓட்டற கம்பெனியில பட்டறைக்காரங்களே பங்குதாரர், அதனால ஒருத்தன் ஏமாத்தினா மத்தவங்க நிலையமும் மூடப்படும்ங்கற பயம், முதலீட்டுக்கு அரசு கடன், ஓட்டற செலவு முழுசும் தொழில் மேல. இந்த கலவைதான். இதுல ஒண்ண உருவிட்டாலும் மிச்சது ஓடாது.

இவ்ளோ பெரிய ஏற்பாட்டுல காசு கட்டாத ஒரே ஆளு யாருன்னா பையர். சுத்திகரிப்பு செலவு சாயக்கூலியில ஏறுது, சாயக்கூலி துணி விலையில ஏறுது, ஆனா ஆர்டர் விலை டாக்காவோடயும் வியட்நாமோடயும் போட்டி போட்டுத்தான் முடிவாகுது, அங்க இந்த செலவு கிடையாது அல்லது கம்மி. அதனால அந்த வித்தியாசம் எக்ஸ்போர்ட்டர் லாபத்துலயும் தையல்காரங்க கூலியிலயும்தான் அமுங்குது. சீசனுக்கு சீசன் தணிக்கைக்கு வந்து சுத்திகரிப்பு நிலையத்த போட்டோ எடுத்துட்டு போற பிராண்டுகள், ஒரு டீ-ஷர்ட்டுக்கு அந்த செலவு எத்தனை ரூபான்னு கணக்கு கேட்டு, பில்லுல அத தனி வரியா போட்டு கொடுக்கட்டும். ஜிஎஸ்டி தனியா போடற மாதிரி உப்புச் செலவும் தனியா நிக்கட்டும், அந்த வரியில மட்டும் பேரம் கிடையாதுன்னு வைக்கட்டும். ஏற்றுமதியாளர் சங்கங்களும் அரசும் அடுத்து பேச்சுவார்த்தைக்கு உட்கார்றப்போ முதல்ல எடுக்க வேண்டியது இந்த விஷயத்தத்தான்.